பக் எங்கே ஒளிந்திருக்கிறது? தினமும் கைகொடுக்கும் சில கருவிகள்

வேலைக்குச் சேர்ந்து ஓரிரு வருடம் ஆன தம்பி தங்கைகள் என்னிடம் அடிக்கடி கேட்பது, "அக்கா, எந்த எடிட்டர் நல்லது? என்னென்ன எக்ஸ்டென்ஷன் போட்டுக்கணும்?" என்பதுதான். விஎஸ் கோடோ, விம்மோ, இன்டெல்லிஜேயோ, கை எதற்குப் பழகியிருக்கிறதோ அதுவே போதும் என்று சொல்லிவிடுவேன். கோடு எழுதும் வேகத்தைப் பற்றி எனக்குப் பெரிய கவலை கிடையாது. நம் நாளின் பெரும்பகுதி எங்கே போகிறது என்று கவனித்துப் பாருங்கள். யாரோ எப்போதோ எழுதி வைத்ததைப் படிப்பதில் போகிறது. எது எந்த ஃபைலில் இருக்கிறது என்று தேடுவதில் போகிறது. நேற்று வரை ஒழுங்காக ஓடிய ஒன்று இன்று ஏன் ஓடவில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்வதில் போகிறது. ஏஐ உதவியாளர்கள் வந்த பிறகு இந்தப் பகுதி இன்னும் கூடியிருக்கிறது. அவை எழுதித் தந்ததையும் நாம்தானே படித்து, சரியா தப்பா என்று சொல்ல வேண்டும்?

இந்த இடத்தில் பெரும்பாலும் நடப்பது யூகம். "கேஷ் பிரச்சினையா இருக்கும்", "அந்த லைப்ரரியை அப்டேட் பண்ணினதுல ஏதோ ஆயிடுச்சு", "சர்வர் ஸ்லோவா இருக்கு போல". ஒரு வரியை மாற்றி ஓட்டிப் பார்ப்பது. சரியாகவில்லை என்றால் வேறொரு வரி. சாயங்காலம் பார்த்தால் ஐந்தாறு ஃபைல் மாறியிருக்கும், பக் மட்டும் போட்ட இடத்திலேயே உட்கார்ந்திருக்கும். யூகிக்க வேண்டிய தேவையே இல்லாமல், நடந்ததைக் கண்ணால் பார்க்க வைக்கும் கருவிகள் நிறைய இருக்கின்றன. எல்லாமே இலவசம். பாதி உங்கள் மெஷினில் ஏற்கெனவே இருக்கிறது. நான் தினசரி எடுப்பவற்றை மட்டும் இங்கே சொல்கிறேன்.

முதலில் தேடல். கிரெப் எல்லோருக்கும் தெரியும். 1970களின் தொடக்கத்தில் கென் தாம்சன் யூனிக்ஸுக்காக எழுதியது. இன்றைக்கும் எந்த லினக்ஸ் சர்வருக்குள் நுழைந்தாலும் அது இருக்கும். சொந்த மெஷினில் மட்டும் அதற்குப் பதிலாக ரிப்கிரெப் போட்டுக்கொள்ளுங்கள். ஆண்ட்ரூ கேலன்ட் ரஸ்ட் மொழியில் எழுதி 2016இல் வெளியிட்டது. விஎஸ் கோடில் புராஜெக்ட் முழுக்கத் தேடும்போது பின்னால் ஓடுவதும் இதுதான். வேகம் ஒரு காரணம் என்றால், எதைத் தேடக்கூடாது என்று அதற்குத் தெரியும் என்பது இன்னொரு காரணம். கிட்இக்னோரில் எழுதியிருப்பதை அது தொடாது. நோடு மாட்யூல்ஸ், பில்ட் ஃபோல்டர் எல்லாவற்றையும் தாண்டிப் போய்விடும். மறைந்திருக்கும் ஃபைல்களையும் பைனரி ஃபைல்களையும் விட்டுவிடும்.

இதை முதன்முதலில் பயன்படுத்துகிறவர்கள் தடுமாறுவதும் இங்கேதான். "இந்த வார்த்தை கண்டிப்பா எங்கியோ இருக்கு, தேடினா வரமாட்டேங்குது" என்பார்கள். அது கிட்இக்னோரில் உள்ள ஏதோ ஒரு கான்ஃபிக் ஃபைலில் இருக்கும். மைனஸ் யு என்று ஒருமுறை சேர்த்தால் கிட்இக்னோரைக் கண்டுகொள்ளாமல் தேடும், இருமுறை சேர்த்தால் மறைந்த ஃபைல்களும் வரும், மூன்றுமுறை சேர்த்தால் பைனரியும் சேரும். தேடும் சொல்லில் அடைப்புக்குறியோ புள்ளியோ இருந்தால் மைனஸ் பெரிய எஃப் போடுங்கள். இல்லாவிட்டால் அதை ரெகுலர் எக்ஸ்பிரஷனாக எடுத்துக்கொண்டு வேறு எதையோ தேடிக்கொண்டிருக்கும்.

எதைத் தேடுவது என்பதும் ஒரு பழக்கம். எரர் மெசேஜ் முழுவதையும் காப்பி செய்து தேடினால் ஒன்றும் வராது, ஏனென்றால் அதில் ஆர்டர் எண், பயனர் பெயர், நேரம் எல்லாம் கலந்திருக்கும். அவற்றைத் தவிர்த்து மாறாமல் இருக்கும் மூன்று நான்கு சொற்களை மட்டும் எடுங்கள். திரையில் பார்த்த வாசகம் கோடில் இல்லை என்றால் மொழிபெயர்ப்பு ஃபைலில் இருக்கும்; அங்கே அதன் கீயைப் பிடித்து, அந்தக் கீயை வைத்து மறுபடி தேடினால் நேராகச் சம்பந்தப்பட்ட ஃபங்ஷனில் போய் நிற்கலாம்.

இன்றைய கோடில் தேடுவது ஒரு பாதிதான். நேற்றைய கோடில் தேடுவது அடுத்த பாதி. கிட்டைப் பலரும் புஷ், புல் செய்யும் இடமாக மட்டுமே வைத்திருக்கிறார்கள் என்பதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு. 2005 ஏப்ரலில் லைனஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கெர்னலுக்காக எழுதத் தொடங்கிய கருவி அது. உலகம் முழுவதும் ஆயிரக்கணக்கானவர்கள் கைவைக்கும் ஒரு கோடில், எது எப்போது ஏன் மாறியது என்று பின்னோக்கிப் போய்ப் பார்க்கும் வழிகள் அதற்குள் நிறைய இருக்கின்றன.

ஒரு வரி கோடில் இல்லை, ஆனால் முன்பு இருந்தது என்று நினைவிருக்கிறது. யார் எடுத்தார்கள்? கிட் பிளேம் இங்கே உதவாது, அது இருக்கும் வரிகளுக்கு மட்டுமே பதில் சொல்லும். கிட் லாக் மைனஸ் பெரிய எஸ் என்று போட்டு அந்தச் சொல்லைக் கொடுங்கள். அந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்ற எண்ணிக்கை எந்தெந்த கமிட்டில் கூடியதோ குறைந்ததோ, அவற்றை மட்டும் எடுத்துக் காட்டும். சேர்த்த கமிட்டும் தெரியும், நீக்கிய கமிட்டும் தெரியும். மைனஸ் பெரிய எல் போட்டு ஒரு ஃபங்ஷனின் பெயரையும் ஃபைலின் பெயரையும் கொடுத்தால், அந்த ஒரு ஃபங்ஷனின் வரலாறு மட்டும் கமிட் கமிட்டாக வரும். நானூறு வரி ஃபைலில் இருபது வரி ஃபங்ஷனைப் பற்றித் தெரிந்துகொள்ள இதைவிடச் சுருக்கமான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

பிளேமுக்கும் ஒரு குறிப்பு. டீமில் யாராவது ஒருநாள் பிரிட்டியர் போன்ற ஃபார்மேட்டரை மொத்த ரெப்போவிலும் ஓட்டியிருப்பார்கள். அதன் பிறகு எந்த வரியில் பிளேம் போட்டாலும் அவர் பெயர்தான் வரும். உண்மையில் அந்த லாஜிக்கை எழுதியவர் அடியில் புதைந்துவிடுவார். மைனஸ் சின்ன டபிள்யூ போட்டால் இடைவெளி மாற்றங்களைக் கணக்கில் எடுக்காது. மைனஸ் பெரிய சி போட்டால் வேறு ஃபைலிலிருந்து தூக்கி வைத்த வரியையும் அதன் பூர்வீகம் வரை தேடிப் போகும். 2019இல் வந்த 2.23 பதிப்பிலிருந்து இன்னும் நல்ல வழி இருக்கிறது: தாண்டிப்போக வேண்டிய கமிட்களின் எண்களை ஒரு ஃபைலில் எழுதி வைத்து, அவற்றைக் கண்டுகொள்ளாதே என்று கிட்டிடம் சொல்லிவிடலாம். அந்த ஃபைலையும் ரெப்போவிலேயே கமிட் செய்துவிட்டால் புதிதாகச் சேர்பவருக்கும் அது பயன்படும்.

இப்போது பைசெக்டுக்கு வருகிறேன். இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பெயர் தெரிந்தவர்கள் பலர், ஓட்டிப் பார்த்தவர்கள் சிலர்.

ஒரு பில்லிங் மென்பொருளை எடுத்துக்கொள்வோம். 99.50 ரூபாய் பொருளுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி. மத்திய வரி 9 சதவீதம் என்றால் 8.955, ரவுண்ட் செய்தால் 8.96. மாநில வரியும் அதே 8.96. வரி 17.92, மொத்தம் 117.42. இரண்டு மாதத்துக்கு முந்தைய ரிலீஸில் பில் இப்படித்தான் வந்தது. இப்போது மொத்தத்தில் 117.41 என்று வருகிறது. ஆனால் வரி வரிசையில் 8.96 என்று இரண்டு முறை அச்சாகிறது. கூட்டிப் பார்த்தால் ஒரு பைசா உதைக்கிறது. கஸ்டமரின் ஆடிட்டர் கேட்கிறார். இடையில் 600 கமிட். யார் எதை மாற்றினார்கள் என்று டிஃப்பை வரிசையாகப் படித்தால் அந்த வாரம் அதிலேயே போய்விடும்.

கிட் பைசெக்ட் ஸ்டார்ட் என்று தொடங்கி, இப்போதைய கமிட் பேட், பழைய ரிலீஸின் டேக் குட் என்று சொல்லிவிட வேண்டும். கிட் நட்டநடுவில் உள்ள ஒரு கமிட்டை செக்கவுட் செய்து கொடுக்கும். பில் போட்டுப் பாருங்கள். 117.42 வந்தால் குட், 117.41 வந்தால் பேட். ஒவ்வொரு பதிலிலும் தேட வேண்டியதில் பாதி கழிந்துவிடும். 600 கமிட் என்றாலும் பத்து முறைக்குள் முடிந்துவிடும். 10,000 கமிட் என்றால்கூட 14 முறைதான். கெர்னல் உருவாக்குபவர்கள், பக் இருக்கிறது என்று எழுதுபவரிடமே "பைசெக்ட் செய்து எந்த கமிட் என்று சொல்ல முடியுமா?" என்று கேட்பது வழக்கம். கோடு ஒரு வரிகூடப் புரியாதவராலும் இதைச் செய்ய முடியும் என்பதுதான் இதன் அழகு.

கையால் பத்து முறை பில் போடவும் வேண்டாம். 99.50க்குப் பில் போட்டு, மொத்தம் 117.42 வந்தால் 0 என்றும், இல்லாவிட்டால் 1 என்றும் எக்ஸிட் ஆகும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்று எழுதி, கிட் பைசெக்ட் ரன் என்று அதன் பெயரைக் கொடுங்கள். டீ குடித்துவிட்டு வருவதற்குள் கமிட் எண் திரையில் இருக்கும். நடுவில் ஏதாவது ஒரு கமிட் பில்டே ஆகவில்லை என்றால் ஸ்கிரிப்ட் 125 என்று எக்ஸிட் ஆகட்டும். "இதைப் பற்றி என்னால் சொல்ல முடியாது, விட்டுவிடு" என்று பொருள். ஸ்கிரிப்டை ரெப்போவுக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள், பழைய கமிட்டுக்குப் போகும்போது அது மாறியோ காணாமலோ போய்விடக்கூடாது. முடிந்ததும் கிட் பைசெக்ட் ரீசெட்.

இங்கே கிடைக்கும் கமிட், "வரிக் கணக்கீட்டை எளிமைப்படுத்தினேன்" என்ற தலைப்பில் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 18 சதவீதத்தை ஒரே தடவை கணக்கிட்டு 17.91 என்று எடுத்து, அச்சுக்காக அதை இரண்டாகப் பிரித்து ரவுண்ட் செய்திருக்கிறார்கள். படிக்கும்போது அந்தக் கோடு முன்னதைவிட அழகாகக்கூட இருக்கும். அதனால்தான் ரிவ்யூவில் யார் கண்ணிலும் படவில்லை. யூகத்தால் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கவே முடியாது என்பது என் எண்ணம்.

பைசெக்ட் நன்றாக வேலை செய்ய வேண்டுமானால் கமிட்கள் சின்னதாக இருக்க வேண்டும், ஒவ்வொன்றும் பில்ட் ஆக வேண்டும். நாற்பது ஃபைலைத் தொட்ட "பல மாற்றங்கள்" என்ற கமிட்டில் போய் நின்றால் மறுபடி முதலிலிருந்து தேட வேண்டியதுதான். ரிவ்யூவில் நான் கமிட்டைப் பிரிக்கச் சொல்லிப் பிடிவாதம் பிடிப்பது இதற்காகத்தான்.

கிட்டை விட்டு நகரும் முன் ரீஃப்லாக். ரீபேஸ் செய்தபோது கமிட் காணாமல் போய்விட்டது, ஹார்ட் ரீசெட் அடித்துவிட்டேன் என்று முகம் வெளுத்து வருபவர்களுக்கு முதலில் சொல்வது, "பயப்படாதே, எதையும் தொடாதே, கிட் ரீஃப்லாக் அடி." உங்கள் ஹெட் எங்கெல்லாம் போய் வந்தது என்று வரிசையாக இருக்கும். தொலைந்த கமிட்டின் எண்ணை எடுத்து அதிலிருந்து ஒரு பிராஞ்ச் போட்டால் தீர்ந்தது. எந்த பிராஞ்சிலும் இல்லாத கமிட்களின் தடம் சாதாரணமாக 30 நாளும், மற்றவை 90 நாளும் இருக்கும். கமிட்டே செய்யாததை மட்டும் இது காப்பாற்றாது.

அடுத்தது, வெப்பில் வேலை செய்பவர்களுக்கு. "பட்டனை அழுத்தினா ஒண்ணும் நடக்கல" என்று டிக்கெட் வரும். ஃப்ரண்ட் எண்டு ஆட்கள் பேக் எண்டு என்பார்கள், பேக் எண்டு ஆட்கள் ஃப்ரண்ட் எண்டு என்பார்கள். பிரவுசரின் டெவலப்பர் டூல்ஸில் நெட்வொர்க் டேபைத் திறந்து, பிரிசர்வ் லாக் என்பதை டிக் செய்துவிட்டு பட்டனை அழுத்துங்கள். ரிக்வெஸ்ட் போகவே இல்லை என்றால் பேச்சு ஒரு பக்கம் முடிந்தது. போய், பதில் தவறாக வந்திருந்தால் அந்த ரிக்வெஸ்டின் மேல் ரைட் கிளிக் செய்து, கேர்ல் கட்டளையாகக் காப்பி செய்யும் வசதியைப் பயன்படுத்துங்கள். டெர்மினலில் ஒட்டினால் அதே ஹெடர், அதே குக்கி, அதே பாடியோடு அச்சு அசலாக அதே ரிக்வெஸ்ட் போகும். பிரவுசர் நடுவில் இல்லை. இனி ஒவ்வொரு ஹெடராக எடுத்துப் பார்க்கலாம், ஒரு மதிப்பை மாற்றிப் பார்க்கலாம். பேக் எண்டு நண்பருக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்புவதைவிட இதை அனுப்பினால் ஒரு நாள் மிச்சம்.

அனுப்பும்போது ஒன்று மட்டும்: அந்தக் கட்டளைக்குள் உங்கள் லாகின் டோக்கனும் குக்கியும் அப்படியே இருக்கின்றன. டீம் குரூப்பிலோ டிக்கெட்டிலோ ஒட்டும் முன் அவற்றை எடுத்துவிடுங்கள். புரொடக்ஷன் டோக்கன் என்றால் இது சின்ன விஷயமே கிடையாது. அந்தக் கட்டளை யார் கையில் கிடைத்தாலும் டோக்கன் காலாவதியாகும் வரை அவர் நீங்களாகவே உள்ளே போகலாம்.

கேர்லை ஸ்வீடனைச் சேர்ந்த டேனியல் ஸ்டென்பெர்க் 1998இல் அந்தப் பெயரில் வெளியிட்டார். இன்றைக்கும் அவரே முன்னின்று பராமரிக்கிறார். விண்டோஸ் 10இலும் 2018 முதல் கூடவே வருகிறது. ஆனால் பழைய பவர்ஷெல்லில் கேர்ல் என்று அடித்தால் அது வேறொரு கட்டளைக்கு வைத்த செல்லப்பெயர். முடிவில் டாட் இஎக்ஸ்இ சேர்த்து அடித்தால்தான் உண்மையான கேர்ல் ஓடும். "அக்கா, நீங்க குடுத்தது எனக்கு மட்டும் எரர் அடிக்குது" என்று வருபவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் விடை.

வந்த ஜேசன் பதிலைப் படிக்க ஜேகியூ. வெறுமனே ஒரு புள்ளி கொடுத்தாலே மடித்து அடுக்கிக் காட்டும். கொஞ்சம் பழகினால், இரண்டாயிரம் ஆர்டர் உள்ள பதிலில் ஸ்டேட்டஸ் ஃபெயில்டு என்று இருப்பவற்றின் ஐடியை மட்டும் ஒரே வரியில் பொறுக்கி எடுக்கலாம். ஐடி 17, 18 இலக்க எண்ணாக இருந்தால் பிரவுசரில் பார்ப்பதை நம்பாதீர்கள். ஜாவாஸ்கிரிப்ட் முழு எண்களைத் துல்லியமாக வைத்திருப்பது 9,007,199,254,740,991 வரைதான். அதற்கு மேல் போனால் கடைசி இலக்கங்கள் ஓசையில்லாமல் மாறும். டேட்டாபேஸில் 43 என்று முடியும் ஐடி திரையில் 40 என்று முடிந்தால் அதுதான் காரணம். ட்விட்டர் தன் ஏபிஐயில் ஒவ்வொரு ஐடியையும் ஸ்ட்ரிங்காகவும் சேர்த்து அனுப்பியது இதற்காகவே. ஜேகியூவின் பழைய பதிப்புகளுக்கும் இதே குறை உண்டு, 1.7இலிருந்து, நீங்கள் அந்த எண்ணில் கணக்கு எதுவும் போடாதவரை அப்படியே காட்டும்.

தேதி விஷயத்தில் நம் ஊரில் உட்கார்ந்து வேலை செய்பவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல். ஜாவாஸ்கிரிப்டில் 2024-04-14 என்று ஹைஃபன் போட்டுத் தேதி கொடுத்தால் அதை யுடிசி நள்ளிரவு என்று எடுத்துக்கொள்ளும். இந்தியாவில் அது அதே 14ஆம் தேதி காலை 5.30 மணி, ஆகவே திரையில் 14 என்றே வரும். நமக்கு எல்லாம் சரியாக இருக்கும். நியூயார்க்கில் இருக்கும் கஸ்டமருக்கு அது 13ஆம் தேதி இரவு. அவர் பிறந்தநாள் ஒரு நாள் முன்னால் தெரிகிறது என்று டிக்கெட் போடுவார், நாம் "என் மெஷினில் சரியாகத்தான் வருகிறது" என்போம். தலைகீழாக, இங்கே நள்ளிரவுக்கும் காலை 5.30க்கும் இடையே நடந்த பதிவை ஐஎஸ்ஓ ஸ்ட்ரிங்காக மாற்றித் தேதியை மட்டும் வெட்டி எடுத்தால் முந்தைய நாள் வரும். பகலில் சோதிப்பவர் கண்ணில் இது படவே படாது. லினக்ஸிலும் மேக்கிலும் டிஇசட் என்ற என்விரான்மென்ட் வேரியபிளில் அமெரிக்கா/நியூயார்க் என்று வைத்து அதே டெஸ்டை ஓட்டுங்கள். கணினியின் நேரத்தை மாற்ற வேண்டியதில்லை. சிஐயில் இரண்டு மூன்று நேர மண்டலங்களில் டெஸ்டை ஓட்ட வைத்துவிட்டால் இந்த வகை பக் கஸ்டமர் வரை போகாது.

டேட்டாபேஸ் மெதுவாக இருந்தால் இண்டெக்ஸ் போடும் முன் எக்ஸ்பிளெய்ன் அனலைஸ். போஸ்ட்கிரெஸில் அது எத்தனை வரிசை வரும் என்று எதிர்பார்த்தது, உண்மையில் எத்தனை வந்தது என்ற இரண்டையும் காட்டும். அந்த இரண்டுக்கும் நடுவே பெரிய வித்தியாசம் எங்கே தொடங்குகிறதோ அங்கே பாருங்கள். அனலைஸ் என்று சேர்த்தால் வினவல் நிஜமாகவே ஓடும். டிலீட், அப்டேட் என்றால் பிகின் போட்டு ஓட்டி ரோல்பேக் செய்துவிடுங்கள்.

இதுவரை சொன்னவை எந்த ஊர் டெவலப்பருக்கும் பொருந்தும். தமிழ்ப் பெயர்களையும் தமிழ் உரையையும் சேமிக்கும் மென்பொருளில் வேலை செய்பவர்களுக்கு இன்னொரு கருவி வேண்டும்: பைட்களை நேராகக் காட்டும் ஹெக்ஸ்டம்ப் அல்லது எக்ஸ்எக்ஸ்டி.

ஒரு பள்ளி மென்பொருள். மாணவர் பட்டியலில் கோபால் என்ற பெயர் கண்ணுக்கு எதிரே இருக்கிறது. தேடல் பெட்டியில் கோபால் என்று அடித்தால் "பதிவு எதுவும் இல்லை" என்கிறது. உடனே வரும் யூகங்கள்: தேடல் இண்டெக்ஸ் கெட்டுவிட்டது, கொலேஷன் தவறு, தமிழுக்கு சப்போர்ட் இல்லை. பட்டியலில் இருக்கும் பெயரையும் தேடலில் அடித்த பெயரையும் தனித்தனியாக பிரிண்ட்எஃப்பில் கொடுத்து, டபிள்யூசி மைனஸ் சி வைத்து பைட்களை எண்ணிப் பாருங்கள். எக்கோ வேண்டாம், அது கடைசியில் ஒரு புதுவரி பைட்டைச் சேர்த்துவிடும். ஒன்று 18 என்று வரும், மற்றது 21 என்று வரும்.

யுடிஎஃப்-8இல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட். கோ என்ற எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். க, அதன் பின் ஓகாரக் குறி என்று ஒரே குறியீடு. இது ஒரு வழி. க, அதன் பின் இரட்டைக் கொம்பு, அதன் பின் கால் என்று இரண்டு குறியீடு. இது இன்னொரு வழி. திரையில் இரண்டும் துளி வித்தியாசம் இல்லாமல் ஒன்றாகத் தெரியும். பாமினி போன்ற பழைய எழுத்துரு முறைகளில் கொம்பையும் காலையும் தனித்தனியாகத்தான் அடித்தோம். அவற்றிலிருந்து யுனிகோடுக்கு அரைகுறையாக மாற்றிய கோப்புகளில் இரண்டாவது வகையை எதிர்பார்க்கலாம். கொ, கோ, கௌ என மூன்று வரிசைக்கும் இந்தச் சிக்கல் உண்டு.

இதற்கு மருந்து ஏற்கெனவே இருக்கிறது. யுனிகோடு நார்மலைசேஷனில் என்எஃப்சி என்ற வடிவத்துக்கு மாற்றினால் கொம்பும் காலும் ஒன்றாகச் சேர்ந்துவிடும். ஜாவாஸ்கிரிப்டில் ஸ்ட்ரிங்குக்கே நார்மலைஸ் என்ற மெத்தட் இருக்கிறது, பைத்தானில் யுனிகோடுடேட்டா மாட்யூல், போஸ்ட்கிரெஸில் 13ஆம் பதிப்பு முதல் நார்மலைஸ் ஃபங்ஷன். உரை உள்ளே நுழையும் இடத்திலேயே, சேமிக்கும் முன் ஒருமுறை, தேடும் சொல்லுக்கு ஒருமுறை. அவ்வளவுதான்.

ஆனால் என்எஃப்சி தீர்க்காத ஒன்று கௌதமில் இருக்கிறது. ஔகாரக் குறியின் வலப்பக்கம் பார்ப்பதற்கு ள போலவே இருப்பதால், பலர் ஒற்றைக் கொம்பு போட்டு ள என்ற முழு எழுத்தையே அடித்துவிடுகிறார்கள். கௌதம் 15 பைட், கெளதம் 18 பைட். கணினிக்கு அது கெ, ள, த, ம் என்று நான்கு எழுத்துள்ள வேறு சொல். அதுவும் தமிழில் வரக்கூடிய எழுத்து வரிசைதான் என்பதால் நார்மலைசேஷன் அதைத் தொடாது. "கொம்பும் ளவும் சேர்ந்து வந்தால் ஔகாரமாக மாற்றிவிடு" என்று ஒரு ரீப்ளேஸ் எழுதலாமே என்று தோன்றும். எழுதிவிடாதீர்கள். வெள்ளி, தெளிவு, வெளியூர், கெளுத்தி என எத்தனையோ சொற்கள் சிதைந்துபோகும். ஸ்ரீயிலும் இதே கதை: ஸ் வைத்து ஒன்று, 2005இல் யுனிகோடில் சேர்ந்த ஶ் வைத்து ஒன்று, பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவம், என்எஃப்சிக்கு இரண்டும் வேறு.

நான் செய்வது இது. மக்கள் எழுதிக் கொடுத்த பெயரை என்எஃப்சி ஆக்கி அப்படியே வைத்துவிடுவேன். அதற்கு மேல் அதில் கைவைக்க மாட்டேன், அது அவர்கள் பெயர். பக்கத்தில் தேடலுக்கென்று தனியாக ஒரு நெடுவரிசை. அதில் ஔகாரக் குறியையும் கொம்பு-ள சேர்க்கையையும் ஒரே வடிவமாக்கி, இரண்டு ஸ்ரீயையும் ஒன்றாக்கி, வாட்ஸ்அப்பிலிருந்தும் வேர்டிலிருந்தும் காப்பி செய்யும்போது ஒட்டிக்கொண்டு வரும் கண்ணுக்குத் தெரியாத குறியீடுகளை நீக்கி வைப்பேன். அந்த நெடுவரிசையில் வெள்ளி என்ன கோலத்தில் இருந்தாலும் கவலை இல்லை, யாரும் அதைப் படிக்கப்போவதில்லை. தேடும் சொல்லையும் அதே வழியில் மாற்றித்தான் ஒப்பிடுகிறோம்.

உங்களிடம் இப்படி ஒரு டேட்டாபேஸ் இருந்தால் போஸ்ட்கிரெஸில் இஸ் நார்மலைஸ்டு என்ற நிபந்தனையை வைத்து, அதில் தேறாத பெயர்கள் எத்தனை என்று முதலில் எண்ணிப் பாருங்கள். கோபாலைப் போலத் தேடினால் கிடைக்காமல் இருப்பவர்கள் அவர்கள்தான். திருத்தும் அப்டேட்டை ஓட்டும் முன், பெயர் நெடுவரிசையில் யூனிக் கட்டுப்பாடு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இருந்தால், இதுவரை இரண்டு பேராக இருந்த கோபால்கள் ஒரே பெயராகி அப்டேட் பாதியில் நின்றுவிடும். அந்த ஜோடிகளைத் தனியாக எடுத்து, இருவரும் ஒரே மாணவரா, வேறு வேறு மாணவர்களா என்று பள்ளி அலுவலகத்தில் கேட்டுத்தான் சேர்க்க வேண்டும்.